தலையிடியோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

தலையிடித்தால் இரண்டு பனடோல், அதற்கும் கேட்காவிட்டால் கண்ணைச் சோதித்து ஒரு கண்ணாடி. கொழும்பில் நம்மவர்கள் பலருடைய வைத்தியம் இவ்வளவுதான். பெரும்பாலான தலையிடிகளுக்குப் பின்னால் பெரிய நோய் எதுவும் இல்லை என்பதும் உண்மை. ஆனால் மாதக்கணக்கில் விடாத தலையிடியோடு உடம்பில் வேறு மாற்றங்களும் தெரிந்தால், கபச்சுரப்பியையும் யோசிக்க வேண்டும்.

மூளைக்குக் கீழே, மூக்குக்குப் பின்னால், பட்டாணி அளவில் இருக்கும் சுரப்பி அது. தைரொயிட், அதிரினல், சூலகம் எல்லாம் அதன் சொற்படிதான் நடக்கின்றன. அதில் வரும் கட்டிகள் அநேகமாகப் புற்றுநோய் அல்ல. ஆனாலும் தலையிடி, ஹோர்மோன் குழப்பம் இரண்டையும் கொண்டுவரும். பார்வை நரம்புகள் சந்திக்கும் இடம் அதற்கு நேர் மேலே இருப்பதால், கட்டி பெருத்தால் பக்கவாட்டுப் பார்வை மங்கும். நேரே உள்ள எழுத்து தெரியும், பக்கத்தில் வரும் ஓட்டோ தெரியாது. கண்ணாடியை எத்தனை தரம் மாற்றினாலும் இது சரிவராது.

என் மச்சாள் தலையிடிக்கு ஒரு நிபுணரைச் சனல் பண்ணினார், மாதவிடாய் நின்றதற்கு இன்னொருவரை. குழந்தைக்குப் பால் கொடுக்காத காலத்திலும் மார்பில் பால் கசிந்ததை யாரிடமும் சொல்லவில்லை, வெட்கம். ஒவ்வொருவரும் தங்கள் பங்கை மட்டும் பார்த்து மருந்து எழுதினார்கள். கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் இருந்த ஓர் இளம் வைத்தியர்தான், தலையிடிக்கு வந்தவரிடம் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் வெளியே வந்தது. இரத்தத்தில் புரோலக்டின், அதாவது பால் சுரக்க வைக்கும் கபச்சுரப்பி ஹோர்மோன், எவ்வளவு என்று பார்த்து, அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. புரோலக்டின் சுரக்கும் கட்டிகள் பெரும்பாலும் கபர்கோலின் குளிசைக்கே சுருங்கிவிடும், அதையும் வாரத்தில் ஒன்றிரண்டு தரம் எடுத்தால் போதும். மச்சாள் இப்போது நலம்.

ஆண்களுக்கும் இது வரும். தாம்பத்திய ஆசை குறைந்தால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். சப்பாத்து அளவு கூடுவது, மோதிரம் இறுகுவது, தாடை முன்தள்ளுவது எல்லாம் வளர்ச்சி ஹோர்மோன் மிகையாகச் சுரப்பதன் அடையாளங்களாக இருக்கலாம். மெல்ல மெல்ல வருவதால் வீட்டிலுள்ளவர்களுக்கே தெரியாது. பழைய அடையாள அட்டைப் படத்தை எடுத்துப் பார்த்தால் தெரியும்.

புரோலக்டின் கூடியிருக்கிறது என்றதும் கட்டிதான் என்று பதறவும் வேண்டாம். கர்ப்பம், தைரொயிட் குறைவு, ஏன், சத்திக்கு நாம் பார்மசியில் வாங்கும் டொம்பெரிடோன்கூட அதைக் கூட்டும். எடுக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் வைத்தியரிடம் காட்டுவது அதனால்தான் முக்கியம். ஆனால் திடீரென்று தாங்க முடியாத தலையிடி வந்து, கூடவே சத்தியும் பார்வை மங்குவதோ இரண்டாகத் தெரிவதோ இருந்தால் சனல் நம்பருக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சுகாதாரப் பகுதியினருக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். சுகவனிதையர் கிளினிக்குகளில் மார்பைப் பரிசோதிக்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள். நல்ல சேவை. அங்கேயே தலையிடி, மாதவிடாய், பால் கசிவு மூன்றையும் சேர்த்து ஒரே நேரத்தில், தமிழில் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். தலையிடிக்கிறது என்று சிங்களத்தில் சொல்லிவிடும் நம் பெண்கள் பலர், மற்றதைச் சொல்ல மொழியும் வராமல் கூச்சமும் விடாமல் துண்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் தனியாக வைத்துக் கேட்டால் நிச்சயம் சொல்வார்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06