விழிக்கும் நேரம் ஒன்றாக இருக்கட்டும்

அன்புள்ள மக்களே,

உன் அழைப்பு எந்த நேரத்தில் வருகிறது என்பதைக் கொண்டே நீ எப்படி இருக்கிறாய் என்று இப்போதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடுகிறது. நான் காலை 7 மணிக்குப் புட்டு அவித்துக்கொண்டிருக்கும்போது, அங்கே இரவு ஒன்றரை மணிக்கு, இப்போதுதான் சாப்பிட்டேன் என்கிறாய். சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு நான் அழைத்தால், அங்கே நண்பகல் ஆகியும் தூக்கக் கலக்கத்தில் பேசுகிறாய். உறக்கம் வரவில்லை, எதிலும் மனம் நிலைக்கவில்லை என்று நீ சொல்வதற்கு லண்டன் குளிர் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

நம் குமரி மாவட்டத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான். வெளிச்சமும், கோயில் மணியும், மாதாகோயில் மணியும், பாங்கும் சேர்ந்து உன் நாளை வகுத்துக் கொடுத்தன. நீ எதையும் முயன்று செய்ய வேண்டியிருக்கவில்லை. லண்டனிலோ ஜூனில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல், டிசம்பரில் 8 மணி நேரத்துக்கும் குறைவு. போதாக்குறைக்கு, உனக்கு வேலையும் உறக்கமும் ஒரே அறையில். அங்கே ஒழுங்கை நீதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு என்பது வெறும் பேச்சு அன்று. அது உயிரணுக்களுக்குள் எப்படி இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிவியலாளர்களுக்கு 2017-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலானோருக்கு அந்தக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று மெதுவாக ஓடுவதால், காலை வெளிச்சம் கண்ணில் பட்டு அதைத் தினமும் திருத்த வேண்டும். வெளிச்சமும் சாப்பாடும் நாளுக்கொரு நேரத்தில் வந்தால், எப்போது பசிக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்றே உடலுக்குத் தெரியாமல் போகும். நைட் டியூட்டி மாறி மாறி வந்த காலத்தில் வார்டில் என்னோடு வேலை பார்த்தவர்களிடம் இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்: நெஞ்செரிச்சல், காரணமில்லாத எரிச்சல், பகலில் படுத்தாலும் தீராத அசதி. எங்களுக்கு அது வேலையின் கட்டாயம். உனக்கு அந்தக் கட்டாயம் இல்லையே!

நீ அனுப்பிய புதிய திட்டத்தைப் படித்தேன். விடியுமுன் ஐந்து மணிக்கு எழுவது, தியானம், ஓட்டம், நாட்குறிப்பு, குளிர்நீர்க் குளியல் எல்லாம் ஒரே திங்கட்கிழமையில் தொடங்குவதாக எழுதியிருந்தாய்; சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவும் வேண்டாம். எழும் நேரத்தை மட்டும் முதலில் நிலைப்படுத்து. அது ஏழு மணியாகவே இருக்கட்டும், ஆனால் சனியும் ஞாயிறும் அதே ஏழு மணி. குளிர்காலத்தில் அங்கே 8 மணிக்குத்தான் விடியும் என்பதால், விடிந்ததும் அரை மணி நேரம் வெளியே நடந்து வா. மேகம் மூடிய வானமும் அறை விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம் தரும். இரவுச் சாப்பாட்டை முன்னேரத்துக்குக் கொண்டு வா. இரவில் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறையும், அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதையும் நீ நினைக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குக் குடிக்கும் காப்பியின் காஃபினில் ஏறத்தாழப் பாதி இரவு பத்து மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். அதை மதியத்தோடு நிறுத்திக்கொள்.

அப்பாவைப் பார். விடியுமுன் இலைகள் நீரை அதிகம் வெளிவிடாததால் ரப்பர் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும், வெட்டினால் பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பால்வெட்டுக்குப் போகிறார். ஒன்றுவிட்டு ஒருநாள்தான் வெட்டு என்றாலும், வெட்டு இல்லாத நாளிலும் அதே நேரத்தில் எழுந்து பால் சேர்க்காத கட்டஞ்சாயா கேட்பார். இரவு ஒன்பது மணிக்கு அவருக்கு உறக்கம் தானாக வருகிறது. மரத்துக்கு ஓய்வு நாள் விடுவதுபோல, உன் திட்டத்திலும் எதுவும் செய்யாத நேரம் கொஞ்சம் இருக்க வேண்டும்.

ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று விட்டுவிடுவது உன் சிறுவயதுக் குணம். நீ இருக்கும் லண்டனிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2010-இல் வெளியானது. புதிய செயல் ஒன்று பழக்கமாவதற்கு நடுமதிப்பாக 66 நாள் ஆயிற்று என்றும், சிலருக்கு 18 நாளும் சிலருக்கு 254 நாள் வரையும் என்றும் அதில் கணக்கிட்டார்கள்; இடையில் ஒரு நாள் விடுபட்டதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ஆகவே இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லையே என்று சலித்துக்கொள்ளாதே. இவற்றையெல்லாம் செய்த பின்பும் மனச்சோர்வு நீங்கவில்லை என்றால், தயங்காமல் அங்குள்ள மருத்துவரிடம் போ. நேர ஒழுங்கு மருத்துவத்துக்கு மாற்றாகாது.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் உன் காலை 8 மணிக்கு அழை. இங்கே மதியம் ஒன்றரை மணி, அப்பாவும் சாப்பிட்டு முடித்திருப்பார். மார்ச் கடைசி ஞாயிறன்று உங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அதன் பிறகும் உன் 8 மணியை மாற்றாதே, நாங்கள் பன்னிரண்டரைக்குப் போனை எடுத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
அம்மா