கைதானவர்கள் பட்டியல் மட்டும் போதாது

கலவர விசாரணை ஆணையங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கலவரம் அடங்கியதும் உங்கள் மேசைக்கு முதலில் வந்து சேர்வது கைதானவர்கள் பட்டியல்தான். ‘வேலைவெட்டி இல்லாத இளைஞர்கள், பழைய குற்றவாளிகள், வெளியூர்க்காரர்கள்’ என்ற பத்தியும் பெரும்பாலும் அதை வைத்தே எழுதப்படுகிறது. இத்தகைய பட்டியல்களைச் சரிபார்ப்பதே எங்கள் வேலை என்பதால், அவை எங்கே வழுக்கும் என்பதைச் சொல்ல இதை எழுதுகிறோம்.

2011இல் இங்கிலாந்தில் நடந்த கலவரங்களுக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் மீது ஏற்கெனவே தண்டனையோ போலீஸ் எச்சரிக்கையோ பதிவாகியிருந்தது. ஆனால் கண்காணிப்புக் கேமராவில் பதிந்த முகத்தை போலீஸ் தன்னிடமுள்ள பழைய படங்களோடும் காவலர்களின் நினைவோடும்தான் ஒப்பிட முடியும். முன்பு மாட்டாதவர் இப்போதும் எளிதில் மாட்டமாட்டார். அந்த விகிதத்தில் கலவரம் எவ்வளவு, போலீஸின் கை எட்டிய தூரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதலில் கைதான 193 பேரின் நீதிமன்ற ஆவணங்களைப் படித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 35 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். 89 சதவீதத்தினருக்கு எந்த ஆயுதக் குழுவோடும் தொடர்பு தெரியவில்லை. வேலையில்லாதவர்கள் 9 சதவீதமே. உங்கள் வழக்கமான பத்தி இங்கே பொருந்தவே இல்லை.

அதற்காகக் குழுக்களை ஒதுக்கிவிடவும் கூடாது. அன்று கட்டடத்தின் முதல் ஜன்னல், போலீஸ்காரரிடமிருந்து பறித்த கேடயத்தால் உடைந்தது. உடைத்தவர் ‘ப்ரவுட் பாய்ஸ்’ என்ற தீவிர வலதுசாரி அமைப்பைச் சேர்ந்தவர். அந்த வழியாக உள்ளே புகுந்தவர்களில் எந்த அமைப்பையும் சேராதவர்கள் பலர். சதவீதக் கணக்கில் ஜன்னலை உடைத்தவரும் பின்னால் நுழைந்தவரும் பட்டியலில் ஆளுக்கொரு வரிசைதான். அதனால் ‘உறுப்பினரா’ என்ற கட்டத்தோடு ‘என்ன செய்தார்’ என்ற கட்டமும் வேண்டும்: திட்டமிட்டார், முதலில் உடைத்தார், அடித்தார், பின்னால் நுழைந்தார், வெளியே நின்றார்.

பட்டியல் தயாரிப்பவர்களிடம் இவற்றைக் கட்டாயமாக்குங்கள். ஓர் ஆளுக்கு ஒரே வரிசை. ஒருவர் மீது மூன்று வழக்கு இருந்தால் மூன்று பேராக எண்ணிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. வயது சம்பவத்தன்று இருந்ததாக இருக்கட்டும், ஏனென்றால் கைதுகள் ஆண்டுக்கணக்கில் நீளும். தொழில் கட்டம் காலியாக இருந்தால் ‘தெரியவில்லை’ என்றே எழுத வேண்டும். அந்தக் காலிக் கட்டத்தில் ஓர் எழுத்தர் அவசரத்தில் ‘வேலையில்லை’ என்று நிரப்பினால், உங்கள் அறிக்கையின் முடிவே மாறிப்போகும். ஒரே ஆவணத்தை இருவர் தனித்தனியாகப் படித்துப் பதிய வேண்டும். அவர்கள் முரண்படும் இடங்களில்தான் உங்கள் வரையறை ஓட்டையாக இருக்கும்.

பிறகு ஒப்பீடு. கைதானவர்களை நாட்டின் சராசரியோடு ஒப்பிட்டால் எதுவும் விளங்காது. அதே தெருவில், அதே வயதில், கலவரத்துக்குப் போகாதவரோடு ஒப்பிட வேண்டும். 1967 அமெரிக்கக் கலவரங்களை விசாரித்த கெர்னர் ஆணையம் அதைத்தான் செய்தது. கலந்துகொண்டவர் பெரும்பாலும் அந்த நகரிலேயே வளர்ந்தவர், பள்ளிப் படிப்பை முடிக்காதவர், ஆனாலும் போகாத அண்டைவீட்டாரைவிடச் சற்றே கூடுதலாகப் படித்தவர் என்று 1968இல் அது எழுதியது. வெளியூர் ரௌடிகள் கதை அங்கேயே அடிபட்டுப்போனது.

இன்னொன்று. அதே 1967இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கலவரம் நடந்த பகுதிகளில் எடுத்த கணக்கெடுப்பில், 11 சதவீதத்தினர் தாங்கள் கலந்துகொண்டதாகச் சொன்னார்கள். 16 சதவீதத்தினர் கலவரக்காரர்களைத் தடுக்க முயன்றதாகச் சொன்னார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தார் எந்தக் கைதுப் பட்டியலிலும் இருக்கமாட்டார்கள். அடுத்த முறை உங்கள் கேள்வித்தாளில் அவர்களுக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். யாரைப் பிடித்து இழுத்தார்கள், எந்த நேரத்தில், எது பலித்தது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
கலவரத் தரவுகளைத் தொகுப்பவர்கள்