வீட்டு மொழியை விடச் சொல்லாதம்மா

கண்ணு,

நேத்து ஃபோன்ல நீ சொன்னதையே நெனச்சுட்டு இருக்கேன். உன் க்ளாஸ்ல அஞ்சாறு பசங்க வீட்ல வேற மொழி பேசறவங்க, "வீட்லயும் ஸ்கூல் மொழியிலயே பேசுங்கன்னு பேரன்ட்ஸ்கிட்ட சொல்லிடு, சீக்கிரம் பிக்கப் ஆயிடும்"னு கூட வேலை பாக்கற டீச்சர் சொன்னாங்கன்னியே, அதை மட்டும் சொல்லிடாதம்மா. அவங்க நல்ல மனசோட தான் சொல்றாங்க, ஆனா அந்த அம்மா அப்பாவுக்கு ஸ்கூல் மொழி அரைகுறையா தான் வரும்னு நீயே சொல்ற, அதுல குழந்தைகிட்ட என்னத்த பேசுவாங்க, சாப்பிடு, தூங்கு, ஹோம்வொர்க் முடி, அவ்ளோ தான். ஏன் மழை பெய்யுது, தாத்தா ஏன் கோச்சுக்கிட்டார், அவன் செஞ்சது நியாயமான்னு உக்காந்து பேசறதெல்லாம் நின்னு போயிடும். படிப்புக்கு அஸ்திவாரமே அந்தப் பேச்சு தானே.

கனடால ஜிம் கம்மின்ஸ்னு ஒரு பேராசிரியர் 1979லயே இதைப் பத்தி எழுதியிருக்கார். ஒரு மொழியில புரிஞ்ச விஷயம் இன்னொரு மொழிக்கும் கூடவே வரும்ங்கறார். பின்னம்னா என்னன்னு வீட்டு மொழியில புரிஞ்ச குழந்தைக்கு ஸ்கூல் மொழியில அதை எப்படிச் சொல்றதுன்னு கத்துக்கறது தான் பாக்கி, முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல. இன்னொண்ணும் சொல்லியிருக்கார், இது உனக்கு ரொம்ப முக்கியம். சாதாரணமா பேசிப் பழக சுமார் 2 வருஷம் போதும், ஆனா பாடப்புத்தக மொழியில மத்த பசங்களை எட்டிப் பிடிக்க 5லேர்ந்து 7 வருஷம் கூட ஆகும். அதனால கிரவுண்ட்ல சரளமா பேசற பொண்ணு சயின்ஸ் பரீட்சைல திணறினா சோம்பேறின்னு முடிவு கட்டிடாத. புதுசா வந்த பையன் மாசக்கணக்குல வாயே தொறக்கலன்னாலும் மக்குன்னு நெனைக்காத, அவன் கேட்டுட்டு தான் இருக்கான்.

"எனக்கு அவங்க மொழி தெரியாதேம்மா"ன்ன. தெரியவே வேணாம்டி. ஒரே மொழி பேசற ரெண்டு பேரைப் பக்கத்துல உக்கார வெச்சு கேள்வியை முதல்ல அவங்களுக்குள்ள பேசிக்க விடு, அப்புறம் பதிலை ஸ்கூல் மொழியில சொல்லட்டும். கதை எழுதச் சொன்னா முதல் டிராஃப்ட் எந்த மொழியில வேணா எழுதலாம்னு சொல்லிப் பாரு, ரெண்டு வரி எழுதிட்டு பென்சிலைக் கடிச்சுட்டு உக்காந்திருக்கற குழந்தைக்கும் சொல்றதுக்கு நெறைய இருக்கும். கணக்குலயும் கவனமா இரு, சில நாடுகள்ல தசம புள்ளிக்குப் பதிலா கமா போடுவாங்க, வகுத்தல் கணக்கை எழுதற விதமே வேற, விடை சரியா இருந்தா ஸ்டெப் வேற மாதிரி இருக்குன்னு மார்க் கொறைக்காத, எப்படிப் போட்டன்னு போர்டுல வந்து காட்டச் சொல்லு.

பேரைச் சரியா கூப்பிடறதுக்குக் கத்துக்கோ. வாயில நுழையலன்னு சுருக்கி நீயா ஒரு பேர் வெக்காத, அந்தக் குழந்தைகிட்டயே கேட்டு சொல்லிப் பழகு. அப்புறம் வருஷத்துல ஒரு நாள் கலர் டிரெஸ் போட்டு ஆட விட்டா கலாச்சாரத்தை மதிச்சாச்சுன்னு எனக்குத் தோணல. தினமும் பாடத்துலயே வரணும், வீட்ல பெரியவங்க என்ன வேலை செஞ்சாங்க, என்ன கதை சொன்னாங்கன்னு கேட்டுட்டு வரச் சொல்லு. ஆனா "உங்க ஊர்ல எல்லாம் இப்படித்தானா"ன்னு ஒரு குழந்தைகிட்ட எல்லார் முன்னாடியும் கேக்காத, அது கூனிக் குறுகிப் போயிடும், விருப்பமிருந்தா தானா சொல்லட்டும்.

ஹெட்மிஸ்ட்ரஸ் இதெல்லாம் எதுக்குன்னு கேட்டா, 1989ல வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில 29வது பிரிவைக் காட்டு. பிள்ளையோட பெத்தவங்களையும் அவங்க பண்பாட்டையும் மொழியையும் மதிக்கக் கத்துத் தரணும்னு அதுல தெளிவா எழுதியிருக்கு.

அடுத்த வாரம் பேரன்ட்ஸ் மீட்டிங்னு சொன்னியே, அந்தப் பிள்ளையையே மொழிபெயர்க்க வெச்சிடாத, தன்னைப் பத்தின குறையைத் தானே அம்மாகிட்ட சொல்றது அதுக்கு எவ்ளோ கஷ்டம். மொழி தெரிஞ்ச பெரியவங்க யாராவது கெடைப்பாங்களான்னு ஆஃபீஸ்ல இப்பவே சொல்லி வெச்சுடு. பேரன்ட்ஸ் வந்ததும் முதல்ல, வீட்ல உங்க மொழியிலயே பேசுங்க, கதை சொல்லுங்க, அந்த மொழி எழுத்தும் சொல்லிக் குடுங்கன்னு சொல்லு, மார்க் பேச்சு அப்புறம் இருக்கட்டும்.

அம்மா