பூட்டிக் கிடக்கும் நீர்ப் பரிசோதனை அறையைத் திறந்துவிடக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்:
வேதியியல் மூன்றாமாண்டு மாணவ மாணவியர்,
அரசு கலை அறிவியல் கல்லூரி, திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: சுற்றுச்சூழல் சார்ந்த வேலைகளுக்கான செய்முறைப் பயிற்சி கோருதல் தொடர்பாக.

பார்வை: ஆடி மாதத்திலும் தீபாவளிக்கு முன்பும் நேரில் அளித்த எங்கள் மனுக்கள்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். முதல் இரண்டு மனுக்களுக்கும் ஒப்புகைச் சீட்டு மட்டுமே கிடைத்தது. பதில் வராததால் மறுபடியும் தங்களிடமே வருகிறோம்.

நொய்யல் ஆற்றையும், சாயக் கழிவுநீர் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையையும் தாங்கள் நேரில் பார்த்தவர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது இங்கே வேலையிழந்த குடும்பங்களையும் அறிவீர்கள். எங்களில் சிலர் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். இன்று கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை ஓடும். உப்பை வடிகட்டிப் பிரிக்கும் ஆர்.ஓ. பார்க்க, மீதி நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் பார்க்க, மீட்ட உப்பைச் சாயத்துக்குத் திருப்பி அனுப்ப, துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் கேட்கும் தண்ணீர், கரண்ட், கெமிக்கல் கணக்கை எழுதித் தர ஆள் வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குப் போக எங்களுக்கு ஆசை. அதற்கான கைப்பழக்கம்தான் கிடைக்கவில்லை. எனவே பணிவுடன் கேட்டுக்கொள்வது:

1. எங்கள் துறை மாடியில், படியேறியதும் இடப்பக்கம் இருக்கும் நீர்ப் பரிசோதனை அறையைத் திறந்துவிட வேண்டும். சாவி வைத்திருந்த ஆசிரியர் மாறுதலாகிப் போனார். அதன்பின் சாவி யாரிடம் என்று எவரும் சொல்வதில்லை. ஜன்னல் வழியே பார்த்தால், கழிவுநீரில் எவ்வளவு மாசு இருக்கிறது என்று அளக்க உதவும் சி.ஓ.டி. கருவி வந்த அட்டைப்பெட்டியிலேயே இருப்பது தெரிகிறது. மேலே ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை. பெட்டியின் அடியில் கரையான் மண் ஏறியிருக்கிறது. கல்லூரியில் கேட்டால் மேலிடத்து உத்தரவு வேண்டும் என்கிறார்கள். தங்கள் அலுவலகத்தில் கேட்டால் கல்லூரியில் கேட்கச் சொல்கிறார்கள். நாங்கள் எங்கே போய் நிற்பது?

2. போன மாதம் எங்கள் வகுப்புப் பெண் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு நேர்காணலுக்குப் போனாள். மேசையில் ஒரு பாட்டில் தண்ணீரும், அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் வைத்து, அளந்து சொல்லச் சொன்னார்களாம். குடிநீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை என்று படித்ததைக் கடகடவென்று சொன்னாள். மீட்டரின் மூடியை எந்தப் பக்கம் கழற்றுவது என்று தெரியாமல் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாளாம். “பாடமெல்லாம் நல்லா சொல்றம்மா, பழகிட்டு வா” என்று அனுப்பிவிட்டார்கள். அவள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, அம்மா. சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரை அளக்கத்தான் அவள் வேதியியல் எடுத்தாள். பழகிவிட்டு வா என்றால் எங்கே பழகுவாள்? பழகும் அறைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறதே! மூன்று வருடமாக அந்தக் கதவைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறோம்.

3. சுற்றுச்சூழல் கல்வி எல்லாப் படிப்பிலும் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னது. எங்களுக்கு அது தேர்வுக்கு முந்தின இரவு கைடு வாங்கிப் படிக்கும் தாளாக இருக்கிறது. அதில் செய்முறையைச் சேர்க்க வேண்டுகிறோம்.

4. பல பட்டறைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வாரம் ஒரு நாள் பயிற்சி வேண்டும். கல்லூரிக் கடிதம் இருந்தால் சேர்த்துக்கொள்வதாக ஒரு மேலாளர் எங்களிடம் சொன்னார். ஒரு கடிதம் போதும்.

5. தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பயிற்சியை எங்கள் கல்லூரிக்கும் பரிந்துரைக்க வேண்டும்.

கடைசி மூன்றும் தாமதமானாலும் பொறுத்துக்கொள்கிறோம். முதல் கோரிக்கைக்குப் பொறுமை இல்லை. புதுக் கட்டடமோ புதுக் கருவியோ கேட்கவில்லை, ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதைத்தான் கேட்கிறோம். அரசுப் பணத்தில் வாங்கியது கரையானுக்கா? கோபமாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ஏப்ரலில் எங்கள் படிப்பு முடிகிறது. அதற்குப் பிறகு அறை திறந்தால் எங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

தயவுசெய்து அந்த அறையைத் திறக்க எழுத்தில் ஓர் உத்தரவு தாருங்கள், அம்மா. சாவி கிடைக்காவிட்டால் பூட்டுக்காரரை நாங்களே கூட்டி வருகிறோம். அவருக்கான கூலியையும் நாங்களே கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வேதியியல் மூன்றாமாண்டு மாணவ மாணவியர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல், ஒப்புகைச் சீட்டுகள், ஜன்னல் வழியே எடுத்த படம்.