இந்தக் காசுக்கு இதுதான் வரும் என்றால் லென்ஸைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது என் நாலாவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில். இதையாவது ஒரு மனிதர் படித்தால் புண்ணியமாகப் போகும்.

துளை எஃப் 2.8 வரை அகலத் திறக்கும் உங்கள் 24-70 மி.மீ. ஜூம் லென்ஸில் இடது ஓரம் கத்தி மாதிரி இருக்கிறது, வலது ஓரம் மங்கல். உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி அச்சு விலகி உட்கார்ந்திருக்கிறது. செய்தவர்களுக்குத் தெரியாததா? சுவரில் செய்தித்தாளை ஒட்டி, முக்காலியில் வைத்து எடுத்தேன். தாள் கோணலாக இருந்திருக்கும் என்பீர்கள் என்று கேமராவைத் தலைகீழாகத் திருப்பியும் எடுத்தேன். மங்கல் தாளின் அடுத்த ஓரத்துக்குப் போய்விட்டது. அப்படியென்றால் குறை தாளிலா, லென்ஸிலா?

இந்தப் படங்களை உங்கள் சேவை மையத்தில் காட்டியபோது மேசையில் இருந்தவர் திரையைப் பார்க்கவே இல்லை. லென்ஸைப் பின்மூடி போடாமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டு, "இவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தால் எந்த லென்ஸும் இப்படித்தான் சார். துளையைச் சுருக்கி எஃப் 8-ல் எடுங்க, தெரியாது" என்றார். நான் விடவில்லை. அப்போதுதான் சொன்னார்: "இந்தக் காசுக்கு இதுதான் வரும்."

எந்தக் காசுக்கு? எஃப் 4 வரை மட்டுமே திறக்கும் லென்ஸ் இதில் பாதி விலைகூட இல்லை, தூக்கவும் லேசு. ஒரு மாதம் யோசித்தேன். மங்கலான மண்டபத்தில் இருமடங்கு வெளிச்சம் கிடைக்கும், கேமராவின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 6400-க்குப் பதில் 3200-ல் வைத்தால் போதும், படத்தில் புள்ளி குறையும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் சேமிப்பைக் கரைத்து இதை வாங்கினேன். இப்போது எஃப் 8-க்கு மூடு என்றால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்குதான். அதற்கு நான் எஃப் 4-ஐயே வாங்கியிருப்பேனே! உங்கள் விளம்பரத்தில் 'சமரசமற்ற தரம்' என்று வேறு போட்டிருக்கிறீர்கள்.

இதற்கு நடுவில் இரண்டாவது அலைச்சலைச் சொல்ல மறந்துவிட்டேன். "சரிசெய்தாகிவிட்டது, வாங்கிக்கொள்ளுங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தது. அரைநாள் விடுப்பு போட்டு வந்தேன். பெட்டியைச் சுற்றி நான் ஒட்டிக் கொடுத்த டேப் பிரிக்கப்படவே இல்லை! ரசீதில் மட்டும் 'பரிசோதிக்கப்பட்டது, குறை இல்லை'. பெட்டியைத் திறக்காமலே பரிசோதிக்கும் வித்தையை எனக்கும் கற்றுக்கொடுங்கள்.

போன வாரம் எடுத்த குழுப் படத்தில் வலது கோடியில் நின்ற பெரியவர் முகம் பஞ்சு மாதிரி வந்திருக்கிறது. இனி என்னை யார் கூப்பிடுவார்கள்? பத்து வருடமாகச் சேர்த்த பெயர், தொழில், எல்லாம் போயிற்று.

மற்றபடி, தொலைபேசியில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். அவரைக் குறை சொல்லவில்லை. தயவுசெய்து ஏழு நாளுக்குள் வேறு லென்ஸ் கொடுங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்புங்கள். எட்டாம் நாள் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். செய்தித்தாள் படங்கள், ரசீது, பிரிக்காத டேப்பின் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

லென்ஸை வாங்கிப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: முன் கண்ணாடியில் பதிந்திருக்கும் கட்டைவிரல் ரேகை என்னுடையது அல்ல.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வாடிக்கையாளர்