வர்ஜீனியாவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஷெனன்டோவா கவுண்டிப் பள்ளிப் பெயர் விவகாரம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் தலைகாட்டும்போதெல்லாம் என்ன பதில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். “நமக்கு எதுக்குங்க இந்த வம்பு?” “பேர்ல என்ன இருக்கு, மேத்ஸ் ஸ்கோர் எப்படின்னு பாருங்க.” “அது வெள்ளைக்காரங்களும் கறுப்பரும் தீர்த்துக்க வேண்டிய கணக்கு.” அதற்குள் யாராவது கொலுவுக்கு அழைப்பைப் போட்டுவிடுவார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். நாலு வரியில் பதில் போட்டு முடிகிற விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தின் மேற்கே, மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஷெனன்டோவா கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) ஸ்டோன்வால் ஜாக்சன் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று இருந்தது. பக்கத்திலேயே ஆஷ்பி-லீ தொடக்கப் பள்ளி. ‘ஸ்டோன்வால்’ என்று பட்டப்பெயர் பெற்ற தாமஸ் ஜாக்சன், டர்னர் ஆஷ்பி, ராபர்ட் லீ மூவருமே 1861 முதல் நடந்த உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் படைத் தளபதிகள். 2020 ஜூலையில் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டு அந்தப் பெயர்களை நீக்கியது. பள்ளிகள் மவுன்டன் வியூ, ஹனி ரன் ஆயின. 2022இல் பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவர வாக்கெடுப்பு நடந்தது. மூன்றுக்கு மூன்று என்று நின்றுபோனது. 2024 மே மாதம், நள்ளிரவு தாண்டி நீண்ட கூட்டத்தில், ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் பழைய பெயர்கள் திரும்ப வந்தன. விடிந்தால் மே 10. ஜாக்சன் 1863இல் இறந்ததும் ஒரு மே 10தான். தற்செயலோ என்னவோ.

அதற்குப் பிறகு கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பும் மாணவர்கள் சிலரும் வழக்குப் போட்டார்கள். ஸ்டோன்வால் ஜாக்சன் என்ற பெயரைச் சுமந்துகொண்டு விளையாடவும் மேடையேறவும் மாணவர்களைக் கட்டாயப்படுத்துவது அவர்களுடைய பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2025 செப்டம்பரில் பெடரல் நீதிபதி மைக்கேல் அர்பான்ஸ்கி தீர்ப்பளித்தார். சட்டம் ஒருபக்கம் அதன் வழியில் போகட்டும். நான் பேச வந்தது நம்மைப் பற்றி.

முதலில், பழைய பெயர் வேண்டும் என்கிறவர்களை மூடர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பள்ளத்தாக்கு அந்தப் போரில் வெந்த மண். 1864இல் வடதரப்புத் தளபதி ஷெரிடனின் படை அங்கே தானியக் களஞ்சியங்களையும் மாவு மில்களையும் வரிசையாகக் கொளுத்திக்கொண்டே போனது. அதே வருஷம் மே மாதம் நியூ மார்க்கெட் சண்டையில் ராணுவப் பள்ளி மாணவர்களை, மீசை முளைக்காத பையன்களை, களத்தில் இறக்கினார்கள். பத்துப் பேர் செத்தார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பங்களுக்கு இதெல்லாம் வீட்டுக் கதை. 2020இல் கொரோனா அடைப்புக்கு நடுவே ஊரைக் கேட்காமல் அவசர அவசரமாகப் பெயரை மாற்றினார்கள் என்ற அவர்களுடைய புகாரிலும் நியாயம் இருக்கிறது. நாலு கூட்டம் போட்டு, கத்துகிறவர்களைக் கத்தவிட்டு, அப்புறம் மாற்றியிருக்கலாம்.

ஆனால் நம்மவர்கள் இந்தப் பேச்சை எடுத்தால் நேரே ஜாக்சன் நல்லவரா கெட்டவரா என்று பட்டிமன்றம் போடுகிறார்கள். 1862இல் இந்தப் பள்ளத்தாக்கில் அவர் படை நடத்திய விதத்தை இன்றும் ராணுவக் கல்லூரிகளில் படிக்கிறார்கள் என்று ஓர் அணி. லெக்சிங்டன் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தினாரே என்று இன்னொரு குரல். அவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்களே என்று எதிரணி. எல்லாமே உண்மை. இதில் இறங்கினால் விடிய விடியப் பேசலாம், தீர்ப்பு வராது. நான் கேட்பது வேறு கேள்வி. அந்தப் பலகையை மாட்டியது எந்த வருஷம்?

ஜாக்சன் செத்தது 1863. அந்த உயர்நிலைப் பள்ளிக்கு அவர் பெயர் வந்தது 1959. இடையில் தொண்ணூற்றாறு வருஷம். வருத்தத்தில் வைத்த பெயர் இவ்வளவு காலம் காத்திருக்காது. அந்த 1959ஐச் சுற்றி என்ன நடந்தது என்று பாருங்கள். 1954இல் வெள்ளையர், கறுப்பர் என்று பள்ளிகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வர்ஜீனியாவின் செனட்டர் ஹாரி பேர்ட் ‘பெருந்திரள் எதிர்ப்பு’ என்று முழங்கினார். எந்தப் பள்ளி கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கிறதோ அதை இழுத்து மூடச் சட்டம் வந்தது. 1958 செப்டம்பரில் அப்படி முதலில் மூடப்பட்ட பள்ளி ஃப்ரன்ட் ராயலில், ஷெனன்டோவாவுக்கு அடுத்த கவுண்டியில். 1959 பிப்ரவரியில் நீதிமன்றம் சொல்லி அதைத் திறந்தபோது வெள்ளைக்காரப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பவில்லை. அத்தனை பெரிய கட்டடத்துக்குள் இருபத்துச் சொச்சம் கறுப்பின மாணவர்கள் மட்டும். காலி வகுப்பறைகள், காலி நடைகள், காலி கேன்டீன். அதே வருஷம் பக்கத்துக் கவுண்டி தன் புதுப் பள்ளிக்கு ஒரு பெயர் தேடுகிறது. ஸ்டோன்வால் ஜாக்சன் என்று வைக்கிறது.

இது அந்த ஒரு கவுண்டியின் கதையும் இல்லை. நம்மில் பாதிப் பேர் வசிக்கும் ஃபேர்ஃபேக்ஸில் ராபர்ட் லீ பள்ளி திறந்தது 1958, ஜெப் ஸ்டூவர்ட் (அவரும் அதே கூட்டமைப்பின் தளபதி) பள்ளி 1959. நான் இருக்கும் பிரின்ஸ் வில்லியம் கவுண்டியிலும் மனாசஸில் ஒரு ஸ்டோன்வால் ஜாக்சன் இருந்தது, 1964. வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் போதும், பெயர் வைத்தவர்கள் யாரை நினைத்து வைத்தார்கள் என்பது புரிந்துவிடும். செத்துப்போன தளபதியை நினைத்து அல்ல. வாசலில் வந்து நிற்கப்போகும் கறுப்பினப் பிள்ளையை நினைத்து.

லீயைப் பற்றி ஒன்று. போர் முடிந்தபின், 1869இல், அந்தப் போரின் பெரிய சண்டை நடந்த கெட்டிஸ்பர்க் களத்தில் நினைவுச் சின்னங்கள் அமைப்பதற்கான கூட்டத்துக்கு அவரை அழைத்தார்கள். போரின் புண்களைத் திறந்து வைத்திருப்பதில் தனக்கு உடன்பாடில்லை என்று எழுதி மறுத்துவிட்டார். ஜாக்சனின் கொள்ளுப் பேரனுக்குப் பிள்ளைகள் இருவர் 2017இல் பகிரங்கக் கடிதம் எழுதி, ரிச்மண்டில் இருந்த ஜாக்சன் சிலையை எடுத்துவிடச் சொன்னார்கள். வேடிக்கை இன்னொன்றும் உண்டு. வர்ஜீனியாவின் ஃபோர்ட் லீ ராணுவ முகாமுக்கு 2023இல் கறுப்பின அதிகாரிகள் இருவரின் பெயரை வைத்தார்கள். 2025இல் மறுபடியும் ஃபோர்ட் லீ. ஆனால் தளபதி ராபர்ட் லீயின் பெயரில் வைக்க முடியவில்லை. ஃபிட்ஸ் லீ என்ற கறுப்பினச் சிப்பாய் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து அவர் பெயர் என்றார்கள். திரும்பக் கொண்டுவர ஆசைப்பட்டவர்களுக்கே அந்த அசல் ஆளை நேராகச் சொல்ல நா எழவில்லை.

“அப்படின்னா ஜெஃபர்சன் பேரையும் எடுத்துடுவீங்களா?” என்று குழுவில் ஒருவர் கேட்டார். ஜெஃபர்சன் நூற்றுக்கணக்கானவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர், சந்தேகமில்லை. அவருக்குப் பெயர் வைக்கிறவர்கள் அதை மீறி, சுதந்திரப் பிரகடனத்துக்காக வைக்கிறார்கள். ஜாக்சனுக்கு மீறுவதற்கு ஒன்றுமில்லை. அந்தப் போர்தான் அவருடைய புகழே. அதை எடுத்துவிட்டால் லெக்சிங்டனில் மாணவர்களுக்குப் பிடிக்காத ஒரு வாத்தியார்தான் மிஞ்சுவார்.

வரலாற்றை அழிக்கிறார்கள் என்ற புலம்பலுக்கு நம்மிடமே பதில் இருக்கிறது. 1857இல் அலகாபாத் வட்டாரத்தில் கண்டவர்களை எல்லாம் தூக்கில் போட்ட கர்னல் நீலின் சிலை சென்னை மவுன்ட் ரோட்டில் நின்றது. 1927இல் அதற்கு எதிராகச் சத்தியாக்கிரகம் நடத்தி ஜெயிலுக்குப் போனார்கள், 1937இல் ராஜாஜி அரசு அதை எழும்பூர் மியூசியத்துக்கு அனுப்பியது. நீல் என்ன செய்தார் என்பது இன்றைக்கும் புத்தகத்தில் இருக்கிறது.

நீலை விட 1997தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கினார்கள். அதற்கு முன்பே சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன் என்று எத்தனையோ பெயர்களில் பஸ் ஓடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுந்தரலிங்கம் தலித் என்பதால் அவர் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. பஸ்கள் நொறுங்கின, தென்மாவட்டங்களில் உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும், எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் ஆனது, பெரியார் மாவட்டம் ஈரோடு ஆனது. யாருக்கும் மனத்தாங்கல் இல்லாத தீர்வு என்றார்கள். ஏற மாட்டேன் என்றவன் நினைத்தது நடந்தது என்பதை யாரும் சொல்லவில்லை.

அதனால்தான் மவுன்டன் வியூ, ஹனி ரன் போன்ற பெயர்களைக் கேட்டால் எனக்கு அரை மனதுதான். ஜாக்சனைவிட மலை ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் அது சண்டையைத் தவிர்க்க வைத்த பெயர். ஃபேர்ஃபேக்ஸில் ஜெப் ஸ்டூவர்ட் பள்ளிக்கு மறுபெயர் தேடியபோது பார்பரா ஜான்ஸ் பெயரும் பரிசீலனையில் இருந்தது. கடைசியில் ஜஸ்டிஸ் உயர்நிலைப் பள்ளி என்று பொதுவாக ஒன்றை வைத்தார்கள்.

பார்பரா ஜான்ஸ் யார் என்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். 1951, இதே வர்ஜீனியா, ஃபார்ம்வில் ஊர். கறுப்பினப் பிள்ளைகளின் மோட்டன் பள்ளியில் இடம் போதாமல், தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. மழை பெய்தால் ஒழுகும்; பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு பாடம் கேட்பார்கள். குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு வேர்க்கும், தள்ளி இருப்பவன் கோட்டைக் கழற்ற முடியாது. பதினாறு வயதுப் பெண் பார்பரா தலைமையாசிரியரை ஏதோ காரணம் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, மொத்தப் பள்ளியையும் அரங்கில் கூட்டினாள். 450க்கும் மேற்பட்ட மாணவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். அதிலிருந்து பிறந்த வழக்குதான் 1954 தீர்ப்பில் சேர்ந்த வழக்குகளில் ஒன்று. அதற்குப் பழிவாங்குவதுபோல அந்தக் கவுண்டி 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே மூடி வைத்தது. ஐந்து வருஷம். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகளில் பலருக்குப் படிப்பே போனது.

இதெல்லாம் அவர்கள் கணக்கு என்கிறீர்களே, 1923இல் பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில் இந்தியர் வெள்ளையர் அல்ல, குடியுரிமை கிடையாது என்று தீர்த்தது இதே நாட்டின் உச்ச நீதிமன்றம். மறு வருஷமே வர்ஜீனியா இனத் தூய்மைச் சட்டம் போட்டு, வெள்ளையர் வெள்ளையரை மட்டுமே மணக்கலாம் என்றது. அந்தத் தடை 1967 வரை இருந்தது. நம்மவர்கள் இங்கே வரக் கதவு திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்தால். கறுப்பினத்தவரின் சிவில் உரிமைப் போராட்டம் இந்த நாட்டு மனசாட்சியை உலுக்கிய அதே காலத்தில். அந்தக் கதவைத் தள்ளியவர்களில் மோட்டன் பள்ளியின் பிள்ளைகளும் உண்டு.

போர்டு கூட்டத்துக்குப் போய்ப் பேச நமக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஃபேர்ஃபேக்ஸில் போட்டி போட்டு இடம் பிடிக்கும் தாமஸ் ஜெஃபர்சன் (டிஜே) பள்ளியின் நுழைவுத் தேர்வை 2020இல் எடுத்தபோது நம்மவர்கள் எத்தனை பேர் வேலைக்கு லீவு போட்டு, அட்டை பிடித்து, மைக்கில் பேசினீர்கள். வழக்கு உச்ச நீதிமன்ற வாசல் வரை போனது. உங்கள் தரப்பு சரியா தப்பா என்பது தனிப் பேச்சு. வழி தெரியும் என்பது தெரிந்துபோயிற்று. கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது, அவர்களை நான் இழுக்கவில்லை. குடியுரிமை வாங்கி ஓட்டு வைத்திருப்பவர்களைத்தான் கேட்கிறேன். ஸ்கூல் போர்டு தேர்தலில் சில நூறு ஓட்டில் ஆள் மாறும். வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வரும்போது ரேட்டிங்கையும் பஸ் நேரத்தையும் கேட்பதோடு, ஷெனன்டோவா மாதிரி ஒரு தீர்மானம் நம் கவுண்டிக்கு வந்தால் எந்தப் பக்கம் கை தூக்குவீர்கள் என்பதையும் கேளுங்கள்.

மனாசஸ் பள்ளிக்கு இப்போது யூனிட்டி ரீட் என்று பெயர். ஆர்தர் ரீட் அங்கே பல வருஷம் பாதுகாப்புப் பணியில் இருந்த கறுப்பினத்தவர். நடைகளில் மாணவர்களைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்த மனிதர். பெயருக்கு ஆள் கிடைக்கவில்லை என்று யாராவது போர்டில் சொன்னால் அந்த உதாரணத்தை எடுத்துப் போடலாம். பேசுவதற்கு இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள். டிஜே சமயத்தில் மற்றவர்களுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவர்கள் இந்தக் குழுக்களிலேயே இருக்கிறீர்கள். உங்களில் இரண்டு பேர் முன்வந்தால், வருஷ விவரங்களை ஒரே பக்கத்தில் தொகுத்துத் தர நான் தயார்.

இப்படிக்கு,
பிரின்ஸ் வில்லியம் கவுண்டியிலிருந்து ஒரு பெற்றோர்