முல்லைத்தீவுப் பக்கம்: அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் நாகப்பட்டினத்தில் பிறந்தவள். இருபது வருடத்துக்கும் மேலாக நியூஜெர்சியில் குடியிருக்கிறேன். இன்று இந்த நாட்டின் குடிமகள். குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தபோது அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தை மனப்பாடம் செய்தேன். 'காங்கிரஸ்' என்ற சொல்லில்தான் அது தொடங்குகிறது. பேச்சுரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் காங்கிரஸ் இயற்றக்கூடாது என்கிறது. போர் வந்தால் இயற்றலாம், ஜனங்கள் பயந்துபோயிருந்தால் இயற்றலாம் என்று அதில் எங்கும் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி எங்கள் ஊரை வாரிக்கொண்டு போனது. அடுத்த வாரம் இங்கே ஒரு கோயில் கூடத்தில் தமிழர்கள் நூறு பேர் கூடினோம். நிவாரணம் தருபவர்கள் பெயர் எழுத, நீள நோட்டு ஒன்றில் ஒரு பக்கம் நாகப்பட்டினம், எதிர்ப்பக்கம் அதே அலை அடித்த இலங்கையின் முல்லைத்தீவு என்று எழுதி வைத்தோம். நாகைப் பக்கம் அரை மணியில் நிரம்பிவிட்டது. முல்லைத்தீவுப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் எழுதியிருப்பார்கள். அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "அந்த இடம் புலிகள் கையில இருக்கு. பணம் மட்டுமில்ல, ஆலோசனை சொன்னாலே உள்ள போடற சட்டம் இருக்கு. பேரு எழுதறவங்க யோசிச்சுக்குங்க."

கூடத்தில் பேச்சு அடங்கிவிட்டது. ஒரு அக்கா எழுந்து வந்து தன் பெயரைப் படிக்க முடியாதபடி பேனாவால் அடித்தார். காகிதம் கிழிகிற அளவுக்கு அடித்தார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். அந்தப் பகுதிக்கும் நிவாரணம் போய்ச்சேர வழி செய்யுங்கள் என்று உங்கள் சபைக்கு அனுப்ப ஒரு விண்ணப்பமும் தயாராக இருந்தது. அதில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை, நானும் போடவில்லை. உங்களுக்கு விண்ணப்பம் எழுதுவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. அன்றைக்கு அதை நம்ப எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

பெரியவரைக் குறை சொல்ல மாட்டேன். பயங்கரவாத அமைப்பு என்று அரசு பட்டியலிட்ட அமைப்புகளுக்கு உதவுவதைக் குற்றமாக்கும் சட்டம் 1996-ல் வந்தது. 1997-ல் புலிகள் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஆறே வாரத்தில் நிறைவேறிய தேசபக்திச் சட்டம், 'நிபுணர் ஆலோசனை'யையும் உதவிக் கணக்கில் சேர்த்து, அதிகபட்சத் தண்டனையை 15 ஆண்டாக உயர்த்தியது. மனித உரிமை அமைப்பு ஒன்றும் சில தமிழ் அமைப்புகளும் நீதிமன்றம் போயின. அதே பட்டியலில் இருந்த, குர்துகளின் ஆயுத இயக்கமான பி.கே.கே.வுக்கு ஐ.நா.விடம் முறையிடக் கற்றுத்தர வேண்டும், புலிகளுக்கு சுனாமி நிவாரணம் கேட்கவும் சமாதானம் பேசவும் கற்றுத்தர வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. வழக்கு முடிவதற்குள் புலிகள் தோற்று ஓராண்டு ஆகிவிட்டது. 2010 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில், சமாதான வழியைக் கற்றுத்தருவதையும் தடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. தனியாக நின்று பேசலாம், அந்த அமைப்போடு சேர்ந்து செய்தால் குற்றம் என்பது தீர்ப்பின் கோடு. வழக்கறிஞர் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்துவிடுவார். கோயில் கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எங்கே தெரியும்?

புலிகள் செய்த கொலைகளை நான் நியாயப்படுத்த வரவில்லை. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை மறந்த தமிழ்நாட்டுக்காரி இல்லை நான். ஆயுதம் ஏந்தியவனுக்கு 'பேசிப் பார்' என்று சொல்லிக்கொடுப்பது எப்படிக் குற்றமாகும் என்று மட்டும் கேட்கிறேன்.

பயத்தில் போட்ட சட்டம் பயம் தீர்ந்த பிறகும் ஆளைப் பிடிக்கும் என்பதற்கு அமெரிக்க சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் சாட்சி. 1918 ஜூன் 16 அன்று ஒஹையோவின் கேன்டன் நகரில் முதல் உலகப் போருக்கு எதிராக மேடையில் பேசினார். போர்க்காலச் சட்டம் ஒன்றின் கீழ் பத்தாண்டு தண்டனை. அந்த நவம்பரிலேயே போர் முடிந்துவிட்டது. அவர் சிறைக்குள் போனதோ 1919 ஏப்ரலில். 1920-ல் அட்லாண்டா சிறையிலிருந்தே அதிபர் தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கினார். 1921 கிறிஸ்துமஸுக்குத்தான் அதிபர் ஹார்டிங் அவரை வெளியே விட்டார்.

உங்கள் நடுவிலேயே ஒருவர் நின்று காட்டினார். 2001 செப்டம்பர் 14 அன்று, தாக்குதலுக்குக் காரணமானவர்கள்மேல் படையை ஏவ அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானத்தில் பிரதிநிதிகள் சபை 420-1 என்று வாக்களித்தது. எதிர்த்து வாக்களித்த அந்த ஒருவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ. கொலை மிரட்டல்கள் வந்து, அவர் காவல் பாதுகாப்போடு நடமாட வேண்டியிருந்தது. ஓர் உறுப்பினருக்கே அந்த நிலை என்றால், பெயரை அடித்துவிட்டுப் போன அக்காவை நான் எப்படிக் குறை சொல்வேன்?

சரி, நான் கேட்பது இதுதான். அந்தச் சட்டத்தில் மருந்துக்கும் சமய நூல்களுக்கும் ஏற்கெனவே விலக்கு தந்திருக்கிறீர்கள். அதே வரியில், வன்முறையைக் கைவிட வைப்பதற்கும், சட்டப்படி முறையிடுவதற்கும், பேரிடர் நிவாரணம் கேட்பதற்கும் தரும் பயிற்சியையும் ஆலோசனையையும் சேருங்கள். அடுத்த நெருக்கடி வரும்வரை காத்திருக்காதீர்கள். நாடு பதறிக்கொண்டிருக்கும் வாரத்தில் இதைக் கேட்க யாருக்கும் காது இருக்காது.

அன்று அனுப்பாமல் விட்ட விண்ணப்பத்தையும் இதனுடன் வைத்திருக்கிறேன். தேதி 2005 ஜனவரி என்றுதான் இருக்கும். கீழே என் கையெழுத்தை நேற்று போட்டேன்.

இப்படிக்கு,
நியூஜெர்சியில் வாழும் ஒரு நாகப்பட்டினத்துக்காரி